மீளப் பாயும் குருதியும் இருதயத்தின் காப்பும்

இருதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளை முடியுரு நாடிகள் என்பர். அரசன் தலையிலே அணியும் முடிபோல இருதயத்தைச் சூழ்ந்து அவை அமைந்திருப்பதால் அப்பெயர் வந்தது. அவற்றுள் ஒன்று திடீரென அடைபடுவதனாலேயே பெரும்பாலும் மாரடைப்பு உண்டாகின்றது. அடைபட்ட நாடியை விரைந்து திறந்து, நின்றுபோன குருதியை மீளப் பாயவிடுவதே இதற்கு உற்ற பரிகாரம் என்பதில் இன்று இருவேறு கருத்தில்லை. ஆயினும், அவ்வாறு திறந்த கணத்திலே, உயிர்கொடுக்க வந்த குருதியே தசையின் ஒரு பகுதியைக் கொன்றும் விடுகின்றது என்று சொன்னால் நேயர்கள் வியப்படையக்கூடும். வாடிய பயிருக்கு நீர் பாய்ச்சினாற் பயிர் சாகுமோ என்று கேட்கத் தோன்றும். குளக்கட்டு உடைந்து ஒரே வேகத்தில் நீர் புகுந்தால், காய்ந்து கிடந்த வயலுக்கு என்ன நேரும் என்பதைக் கமக்காரர் அறிவர். இருதயத்தில் நிகழ்வதும் ஓரளவிற்கு அத்தகையதே. இதனை மீள்பாய்ச்சற் காயம் என அழைக்கலாம்.

கொலஸ்திரோலைக் குறைப்பதற்காக உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் நாடோறும் உட்கொண்டுவரும் ஸ்டாட்டின் என்னும் மருந்து இக்காயத்தினின்றும் இருதயத்தைக் காக்குமா? காக்குமாயின், எவ்வளவு கொடுக்கவேண்டும், எப்பொழுது கொடுக்கவேண்டும்? கால் நூற்றாண்டிற்கு மேலாக ஆராயப்பட்டுவரும் இவ்வினாவிற்குக் கிடைத்த விடைகள், முதலில் எதிர்பார்க்கப்பட்டவற்றிலும் சிக்கலானவை.

காயத்தின் கதையிலிருந்தே தொடங்குவது நன்று. 1960 ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் றொபேட் ஜெனிங்ஸ் என்னும் நோயியலறிஞரும் அவருடன் உழைத்தோரும் நாய்களின் முடியுரு நாடியொன்றைச் சிறிது நேரம் கட்டிவைத்துப் பின்னர் அக்கட்டை அவிழ்த்துவிட்டனர். அவிழ்த்து ஒரு மணி நேரம் செல்லுமுன்னரே தசையிற் காணப்பட்ட சிதைவு, கட்டை அவிழ்க்காது 24 மணி நேரம் விட்டுவைத்தாற் காணப்படும் சிதைவை ஒத்திருந்தது. குருதி திரும்பி வந்ததால் அழிவு விரைவுபட்டதோ என்னும் ஐயம் அன்றே பிறந்தது. அவ்வையம் தீர்ந்து அது நோயாளரைப் பற்றிய கவலையாக மாறுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு சென்றது. ஏனெனில், அக்காலத்தில் மனிதரின் அடைபட்ட நாடியைத் திறக்கும் வழியே வைத்தியர்களிடம் இருக்கவில்லை.

வழி பின்னர் பிறந்தது. 1977 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திலே, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், அந்திரேயாஸ் குறுன்சிக் என்னும் வைத்தியர் மெல்லிய குழாயின் நுனியிலுள்ள சிறு பலூனை முடியுரு நாடியினுள் செலுத்தி ஊதி, ஒடுங்கிய இடத்தை விரித்துக் காட்டினார். 1986 இல் இத்தாலியில் 11,000 இற்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்று, குருதிக்கட்டியைக் கரைக்கும் திரெப்தோகைனேசு என்னும் மருந்து உயிர்களைக் காக்கின்றதென நிறுவிற்று. நோவு தொடங்கி ஒரு மணிக்குள் மருந்து பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாடியைத் திறப்பதால் வரும் நன்மை மிகப் பெரிது. மீள்பாய்ச்சலால் வரும் தீங்கு அந்நன்மையின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்கின்றது. இரண்டையும் ஒருங்கே நோக்கியே, 1985 இல் பிறவுன்வால்ட், குளோனர் என்னும் இரு அறிஞர்கள் மீள்பாய்ச்சலை இருபுறமும் கூருடைய வாளென வருணித்தனர். தீங்கு உண்டென்பதற்காக நாடியைத் திறவாதிருத்தல் பேதைமை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்.

இனி, அத்தீங்கு எவ்வாறு நிகழ்கின்றது என்று பார்ப்போர் இயற்கையின் விசித்திரமொன்றைக் காண்பர். குருதி நின்றவுடன் இருதயத் தசையின் கலங்களுக்கு ஒட்சிசன் இல்லாது போகின்றது. கலங்கள் ஒட்சிசனின்றியே சிறிதளவு சத்தியை உண்டாக்கிக்கொண்டு காலம் தள்ளுகின்றன. அதன் விளைவாக அமிலம் சேர்கின்றது. அமிலம் சேர்தல் தீது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவ்வமிலமே ஒரு காவலுமாயிருக்கின்றது. கலத்தினுள்ளே சத்தியை ஆக்கும் சிற்றுறுப்புகளான இழைமணிகளின் சுவரிலே ஒரு துளை உண்டாகக்கூடும். அது அகலத் திறந்தால் இழைமணி வீங்கிக் கெடும். கலமும் அதனுடன் மாளும். அமிலம் நிறைந்துள்ள வரையில் அத்துளை திறப்பதில்லை.

குருதி மீண்டதும் நிலைமை தலைகீழாகின்றது. சேர்ந்திருந்த அமிலம் சில நிமிடங்களில் அடித்துச் செல்லப்படுகின்றது. அமிலத்தை வெளியேற்றும் முயற்சியிலே கலம் சோடியத்தை உள்வாங்குகின்றது. அச்சோடியத்தை வெளியேற்றப் போய்க் கல்சியத்தை உள்வாங்குகின்றது. வெகுநேரம் பட்டினி கிடந்த இழைமணிகள் திடீரென ஒட்சிசனைப் பெற்றதும், அதன் ஒரு பகுதியைக் கட்டுக்கடங்காத தாக்குதன்மை கொண்ட வடிவமாக மாற்றிவிடுகின்றன. மிகுந்த கல்சியமும் அவ்வொட்சிசனும் கூடி, காவல் நீங்கிய துளையைத் திறக்கின்றன. தசைநார் ஒரேயடியாகச் சுருங்கி முறுக்கிக்கொள்கின்றது. இவை யாவும் நாடி திறந்த முதற் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடுகின்றன என்பதை மறத்தலாகாது. மருந்தின் அளவையும் வேளையையும் பற்றிய வாதமெல்லாம் இச்சில நிமிடங்களைச் சுற்றியதே. இதன் பின்னர் வெண்குருதிக் கலங்கள் வந்து குவிவதும், நுண்ணிய குழாய்கள் வீங்கி அடைபட்டுப் பெருநாடி திறந்திருந்தும் தசைக்குக் குருதி எட்டாது போவதும் உண்டு. விலங்குகளில் நடந்த ஆய்வுகளைக் கொண்டு, இறுதியில் மாண்டுபோகும் தசையிற் பாதிவரை மீள்பாய்ச்சலின் விளைவாயிருக்கக்கூடுமென இலண்டனைச் சேர்ந்த யெலனும் ஹவுசென்லொயும் 2007 இல் எழுதினர்.

ஸ்டாட்டினின் வரலாறு முற்றிலும் வேறான ஓரிடத்திலே தொடங்குகின்றது. யப்பானில் அக்கிரா எண்டோ என்னும் உயிரிரசாயன அறிஞர், ஈரலிலே கொலஸ்திரோல் உண்டாவதைத் தடுக்கும் பொருளொன்றைப் பூஞ்சணங்களிலே தேட முற்பட்டார். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கின் வரலாறு அவருக்கு ஊக்கமளித்தது. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 6,000 வகைப் பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973 இல், கியோத்தோ நகரின் தானியக் கடையொன்றிலிருந்து பெற்ற அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலே தேடிய பொருள் கிட்டிற்று. எண்டோவின் பொருள் மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. அதனை ஒத்த லோவாஸ்டாட்டின் 1987 இல் அமெரிக்காவிலே அனுமதி பெற்றது. 1994 இல் இசுக்கந்திநேவிய நாடுகளில் 4,444 நோயாளரிடம் நடந்த ஆய்வு, சிம்வாஸ்டாட்டின் இறப்பை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைக்கின்றதெனக் காட்டியபின் ஐயப்பட்டோர் வாயடைத்தனர். எண்டோ 2024 இல் தமது தொண்ணூறாவது வயதிலே காலமானார்.

கொலஸ்திரோல் குறைவதற்கு நாட்கள் செல்லும். நாடிச் சுவரின் படிவு அடங்குவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். நாடி திறந்த முதல் ஐந்து நிமிடத்திலே இருதயத்தைக் காக்க அத்தகைய மருந்தால் இயலுமென எவரும் கருதியிரார். ஆயினும் 1999 இல் அமெரிக்காவிலே அலன் லெபர் என்பவரின் குழுவினர், கொலஸ்திரோல் இயல்பான அளவிலேயே உள்ள எலிகளின் இருதயங்களை ஆராய்ந்தபோது, முன்கூட்டியே சிம்வாஸ்டாட்டின் பெற்றவை மீள்பாய்ச்சலை நன்கு தாங்கின. கொலஸ்திரோல் அங்கே குறையவில்லை. ஆகவே மருந்து வேறொரு வழியால் வேலைசெய்திருத்தல் வேண்டும்.

அவ்வழியின் முதற்கூறு இது. கொலஸ்திரோலை ஆக்கும் தொடரின் தலைவாயிலிலுள்ள நொதியத்தையே ஸ்டாட்டின் தடுக்கின்றது. ஒரே மதகிலிருந்து பல வாய்க்கால்கள் பிரிவதுபோல, அத்தொடரிலிருந்து கொலஸ்திரோல் மட்டுமன்றி வேறு பொருள்களும் உண்டாகின்றன. அவற்றுட் சில, குருதிக்குழாயின் உட்சுவரில் நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாவதைக் குறைக்கும் புரதங்களுக்குத் துணைபோகின்றன. மதகை அடைத்தால் இவையும் குறையும். நைத்திரிக் ஒட்சைட்டு பெருகும். அது நாடியைத் தளர்த்தும். வெண்குருதிக் கலங்கள் சுவரில் ஒட்டுவதைக் குறைக்கும். இழைமணியின் துளை திறவாதிருக்கவும் உதவும்.

இரண்டாவது கூறு இன்னும் விரைவானது. 2003 இல் இலண்டனில் பெல், யெலன் என்போர் சுண்டெலியின் இருதயத்தை வெளியே எடுத்துச் செயற்கைத் திரவத்தால் இயங்கச்செய்து, குருதிநிறுத்தத்தை ஒத்த நிலையை உண்டாக்கி, மீள்பாய்ச்சல் தொடங்கும் அதே கணத்தில் அட்டோவாஸ்டாட்டினைச் செலுத்தினர். மாண்ட தசையின் அளவு குறைந்தது. அங்கே ஈரலும் இல்லை, கொலஸ்திரோலும் இல்லை. கலத்தினுள்ளே அக்ட் எனப்படும் புரதம் தூண்டப்பட்டு, அதன்வழி நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியம் முடுக்கப்பட்டதே காரணமெனக் கண்டனர்.

இக்கண்டுபிடிப்பு ஒரு சங்கடமான வினாவை எழுப்பிற்று. மாரடைப்பு வரக்கூடியோர் பலர் ஏற்கெனவே நாடோறும் ஸ்டாட்டின் உட்கொள்பவர்கள். அவர்களுடைய இருதயம் இக்காப்பை எப்பொழுதும் உடையதன்றோ? 2005 இல் அதே இலண்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அவ்வாறன்று என்றது. எலிகளுக்கு நாடோறும் மருந்து கொடுத்துவந்தபோது முதற் சில நாட்களில் காப்பு இருந்தது. ஒன்றிரண்டு வாரங்கள் சென்றபின் அது மறைந்தது. அக்டைத் தூண்டும் வழியை எதிர்க்கும் மற்றொரு புரதம் இதற்கிடையில் மிகுந்துவிட்டது. உடல் தன் சமநிலையை மீட்டுக்கொண்டது எனலாம். ஆயின், நீண்டநாள் மருந்துண்ட அவ்வெலிகளுக்கு நாடியை அடைப்பதற்குச் சற்று முன்னர் பெரிய அளவொன்றைப் புதிதாகக் கொடுத்தபோது, இழந்த காப்பு திரும்பிற்று. நாடோறும் உண்ணும் அளவு வேறு, அவசர வேளையில் ஏற்றும் அளவு வேறு என்னும் எண்ணம் இங்கேதான் வேரூன்றியது. எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது, உடல் நிறைக்கேற்பக் கணக்கிட்டால், மனிதர் உட்கொள்ளும் உச்ச அளவைக் காட்டிலும் பன்மடங்கு என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

மனிதரில் இதனைப் பரிசோதிப்பதில் இத்தாலியர் முந்தினர். உறுதிநிலை நெஞ்சுநோயுள்ள 153 பேரில் ஒரு சாராருக்கு, பலூன் சிகிச்சைக்கு முன்னர் ஏழு நாட்கள் அட்டோவாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் கொடுத்தனர். சிகிச்சையை ஒட்டி நேரும் மாரடைப்பு மருந்தில்லாத சாராரிடம் 100 இற்கு 18 ஆகவும், மருந்துண்டோரிடம் 5 ஆகவும் இருந்ததென 2004 இல் அறிவித்தனர். 2007 இல், நிலைதளம்பிய நெஞ்சுநோயாளர் 171 பேரிடம், சிகிச்சைக்கு 12 மணி முன்னர் 80 மில்லிகிராமும், ஏறத்தாழ 2 மணி முன்னர் 40 மில்லிகிராமும் கொடுத்து ஒத்த நன்மையைக் கண்டனர். 2009 இல், முன்னரே ஸ்டாட்டின் உட்கொண்டுவந்த 383 பேரிடம் இவ்விரு அளவுகளையும் மீள ஏற்றியபோதும் நன்மை தென்பட்டது. எலியிற் கண்டது மனிதரிலும் பலித்ததென்றே அப்பொழுது தோன்றியது.

எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வாய்வுகளில் எண்ணப்பட்ட மாரடைப்புகளிற் பெரும்பாலானவை, குருதிப் பரிசோதனையால் மட்டும் அறியப்படும் சிறு தசைக்காயங்கள். பலூன் விரியும்போது படிவிலிருந்து உதிரும் துணுக்குகள் நுண்குழாய்களை அடைப்பதாலும் அவை உண்டாகும். அவை யாவற்றையும் மீள்பாய்ச்சற் காயமென்று கொள்ளல் பொருந்தாது. ஆய்வுகளும் சிறியவை. சிறு ஆய்வுகள் நற்செய்தி கூறுவதும், பெரிய ஆய்வு வந்து அதனைத் திருத்துவதும் வைத்தியத் துறையில் புதிதன்று.

பெரிய ஆய்வு பிறேசிலிலிருந்து வந்தது. மாரடைப்பு அல்லது அதற்கு அண்மித்த நிலையோடு வைத்தியசாலைக்கு வந்த 4,191 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு சாராருக்கு நாடிச் சிகிச்சைக்கு முன்னர் 80 மில்லிகிராமும் 24 மணி கழித்து மேலும் 80 மில்லிகிராமும் அட்டோவாஸ்டாட்டின் கொடுத்தனர். மறுசாராருக்கு மருந்தில்லாக் குளிகை கொடுத்தனர். பின்னர் இரு சாராரும் 30 நாட்கள் 40 மில்லிகிராம் உட்கொண்டனர். 2018 இல் வெளியான முடிவின்படி, பெருங்கேடுகள் மருந்தேற்றியோரிடம் 100 இற்கு 6.2, மற்றையோரிடம் 7.1. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. ஆனால் உண்மையிலே பலூன் சிகிச்சை பெற்றோரை மட்டும் தனியே நோக்கினால் 6.0 இற்கு எதிராக 8.2 என்று கணக்கு வந்தது. ஆய்வின் தலையாய வினாவிற்கு விடை இல்லையென்று வந்தபின் ஒரு பகுதியினரிடம் காணப்படும் நன்மையை முழு நம்பிக்கையோடு ஏற்க இயலாது. முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது.

விலங்கிலே தெளிவாகத் தெரிந்தது மனிதரிலே ஏன் மங்கிற்று? வேளையே பெருந்தடை எனக் கருதக் காரணமுண்டு. ஆய்வுக்கூடத்தில் மருந்து நேரே இருதயத்தைச் சென்றடைகின்றது. நோயாளி விழுங்கிய குளிகையோ, குடலிற் கரைந்து, ஈரலைக் கடந்து, குருதியில் உச்ச அளவை எய்துவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் செல்லும். முழு அடைப்போடு வந்தவரின் நாடியை ஒன்றரை மணிக்குள் திறந்துவிட வைத்தியர்கள் முயல்கின்றனர்; அவ்வாறு முயல்வதே முறை. மருந்து சேருமுன் நாடி திறந்துவிடுகின்றது. திறந்த சில நிமிடங்களிற் காயம் நடந்து முடிகின்றது. மருந்திற்காக நாடியைத் திறப்பதைத் தாமதிப்பதோ, கையிலுள்ள முதலை இழந்து வட்டியைத் தேடுவது போலாகும்.

அப்படியானால், நேரம் தாராளமாகக் கிடைக்கும் இடத்திலே நன்மை தெளிவாகத் தெரியவேண்டுமல்லவா? இருதய அறுவை அத்தகையது. நாள் குறித்துச் செய்யப்படும் அறுவையிலே இருதயம் நிறுத்தப்பட்டுப் பின்னர் குருதி மீளவிடப்படுகின்றது. சீன நாட்டில் 1,922 பேருக்கு அறுவைக்கு முன் எட்டு நாட்கள் வரையிலும் பின்னர் ஐந்து நாட்களும் ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் அல்லது வெறுங்குளிகை கொடுக்கப்பட்டது. 2016 இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. இருதயத் தசைக்காயம் குறையவில்லை. சீர்குலைந்த துடிப்பும் குறையவில்லை. மாறாக, சிறுநீரகப் பாதிப்பு மருந்துண்டோரிடம் 100 இற்கு 24.7 ஆகவும் மற்றையோரிடம் 19.3 ஆகவும் காணப்பட்டது. அறுவைக்கு முன்னர் புதிதாக ஸ்டாட்டின் தொடங்குவதால் இருதயம் காக்கப்படும் என்னும் நம்பிக்கை இதனால் பெரிதும் தளர்ந்தது.

அளவைக் கூட்டுவது விலையில்லாத காரியமன்று என்பதற்கு இதுவே சான்று. கொலஸ்திரோலைப் பொறுத்தமட்டில், ஸ்டாட்டினின் அளவை இருமடங்காக்கினாற் கிடைக்கும் மேலதிகக் குறைவு 100 இற்கு ஏறத்தாழ 6 மட்டுமே. தசைக்கு வரக்கூடிய தீங்கோ அளவோடு சேர்ந்து ஏறும். செரிவாஸ்டாட்டின் என்னும் மருந்து தசையழிவை உண்டாக்கியமையால் 2001 இல் விற்பனையினின்றும் அகற்றப்பட்டது. சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராமைப் புதிதாக எவருக்கும் தொடங்கவேண்டாமென அமெரிக்க மருந்து அதிகார சபை 2011 இல் அறிவித்தது. ஆகவே, நெஞ்சுநோவு வந்ததும் வீட்டிலுள்ள குளிகைகளை நாலைந்தாக விழுங்கிக்கொள்ளலாம் என்று எவரேனும் எண்ணுவாராயின், அது ஆபத்தான எண்ணம். அவ்வேளையிற் செய்யவேண்டியது, ஒரு நிமிடமும் தாமதியாது வைத்தியசாலையை நாடுவதே.

வைத்தியசாலையில் நடைமுறை ஓரளவு தெளிவாகிவிட்டது. மாரடைப்போடு வந்தவருக்குக் கொலஸ்திரோல் எவ்வளவாயினும், தடையேதுமில்லையேல், உயரளவு ஸ்டாட்டினை இயன்றளவு விரைவில் தொடங்கவேண்டும் என்பதே ஐரோப்பிய இருதயவியலாரின் வழிகாட்டல். மீள்பாய்ச்சற் காயத்தைத் தடுக்கும் என்னும் உறுதியால் அன்று. நீண்டநாட் பயன் ஐயமற நிறுவப்பட்டிருப்பதாலும், முதல் நாளிலேயே தொடங்குவதால் பெருந்தீங்கு காணப்படாமையாலுமே அவ்வாறு கூறப்பட்டது. நாடி திறக்கும் வேளையில் ஒரு சிறு காப்பும் கூடக் கிடைக்குமாயின் அது மேலதிக இலாபம்.

நாடோறும் இம்மருந்தை உட்கொள்வோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மருந்தைச் சட்டென நிறுத்தினால், அடக்கிவைக்கப்பட்டிருந்த அப்புரதங்கள் முன்னரிலும் வலுவோடு எழுகின்றன. சுண்டெலிகளில், நிறுத்தி இரண்டு நாட்களுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டின் உற்பத்தி இயல்பான அளவினும் கீழே வீழ்ந்ததென 2000 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. 2002 இல் வெளியான மற்றோராய்வில், நெஞ்சுநோவோடு வைத்தியசாலைக்கு வந்தபின் வழக்கமான ஸ்டாட்டின் நிறுத்தப்பட்டவர்கள், அதனைத் தொடர்ந்து பெற்றவர்களிலும் அதிகமான கேடுகளுக்கு உள்ளாயினர். அவசரத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுபவர் தாம் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும் சொல்லமாட்டாத நிலையில் இருத்தல் கூடும். உடன் செல்லும் உறவினர் அக்குளிகைப் பொதிகளைக் கையோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுவாராயின், எந்த மருந்தைத் தொடர்வது, எவ்வளவு ஏற்றுவது என்பதை அவர் உடனே தீர்மானித்துக்கொள்வார்.